நிக்டியில் எத்தனை மராத்தி

புனே அருகே நிக்டிக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் சில மாதங்களிலேயே கொஞ்சம் மராத்தி பேசத் தொடங்கிவிடுகிறது. காய்க்கடையில் விலை கேட்கவும், ஆட்டோக்காரரிடம் "இதேச் தாம்பா" என்று சொல்லி இறங்கவும் வந்துவிடும். பால் வேறுபாடு தடுமாறும், வினைச்சொல்லின் வால் மாறிப்போகும். ஆனாலும் கேட்பவர் முகம் மலர்கிறது, "அரே வா, மராத்தி யேதே கீ!" என்று பாராட்டுகிறார். அதே கடையில் பக்கத்தில் நின்று கீரை பொறுக்கும் லாத்தூர்க்காரப் பெண்மணி பிறந்தது முதல் மராத்திதான் பேசுகிறார். அவர் தண்ணீரை "பானி" என்று சொன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. பாடப்புத்தகத்தில் அது "பாணி"; மூன்று சுழி ணகரம் வர வேண்டும்.

தமிழரின் உடைந்த மராத்திக்குப் பாராட்டு, லாத்தூர்க்காரரின் முழு மராத்திக்குச் சிரிப்பு. இது ஏன் என்று விளங்கிக்கொண்டால், தரமொழியும் பன்மொழிச் சூழலும் ஒன்றையொன்று எப்படி வடிவமைக்கின்றன என்பதில் பாதி விளங்கிவிடும்.

தரமொழி என்றால் என்ன? எந்த மொழியும் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, தொழிலுக்குத் தொழில் மாறித்தான் ஒலிக்கும். அந்தப் பேச்சுகளில் ஒன்றை ஒரு சமூகம் பொறுக்கி எடுக்கிறது. அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதுகிறது. பள்ளி, நீதிமன்றம், செய்தித்தாள், அரசாணை என்று எல்லாக் காரியத்துக்கும் அதைப் பழக்குகிறது. கடைசியில் மற்றப் பேச்சுக்காரர்களும் அதுவே சரியான மொழி என்று ஒப்புக்கொள்கிறார்கள். நார்வே வழிவந்த அமெரிக்க மொழியியலாளர் ஐனார் ஹாகன் 1966-ல் இந்த நான்கு படிகளையும் வகுத்துக் காட்டினார். நாம் உற்றுப் பார்க்க வேண்டியது முதல் படியை. ஒரு பேச்சு மற்றவற்றைவிட அழகானது, ஆழமானது என்பதற்காக அதைப் பொறுக்குவதில்லை. அச்சகமும் பள்ளிக்கூடமும் அரசுக் கச்சேரியும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் வீட்டுப் பேச்சு தேர்வாகிறது.

மராத்தியில் அந்த இடம் புனேக்குக் கிடைத்தது. 1818-ல் பேஷ்வா ஆட்சி விழுந்த பிறகு, பாடநூலுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே மாதிரியான மராத்தி ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது. மோல்ஸ்வொர்த்தின் அகராதி 1831-ல் வந்தது. தாதோபா பாண்டுரங் தர்க்கட்கரின் இலக்கணம் 1836-ல். தாமஸ் கேண்டி புனேயில் இருந்து பாடநூல்களின் நடையைச் செப்பனிட்டார். இந்த வேலைகளுக்குத் துணைநின்ற பண்டிதர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். 1874-ல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் தொடங்கிய 'நிபந்தமாலா'வும், 1881-ல் தொடங்கிய 'கேசரி' இதழும் அதே புனேயின் உரைநடையை ஊரெங்கும் கொண்டுபோயின. அதே நகரத்தில் வாழ்ந்த சமூகச் சீர்திருத்தக்காரர் ஜோதிராவ் புலே வேறொரு மராத்தி எழுதினார். உழவரும் தோட்டக்காரரும் பேசும் பேச்சின் சூடு அதில் இருந்தது. 1885-ல் நூலாசிரியர் சபைக்கு அழைப்பு வந்தபோது, உழைக்கும் மக்களின் உரிமையை ஏற்காதவர்களோடு சேர்ந்து உட்கார்வதில் பயனில்லை என்று மறுத்துக் கடிதம் எழுதினார். பள்ளிப் புத்தகங்களில் வென்றது புலேயின் மராத்தி இல்லை. 1962-ல் மராத்தி சாகித்ய மகாமண்டலத்தின் 14 எழுத்து விதிகளை அரசு ஏற்றது. 1972-ல் இன்னும் 4 சேர்ந்து 18 ஆயின. 1967-ல் புனேயில் அமைந்த பாலபாரதி என்ற பாடநூல் நிறுவனம் அந்த மராத்தியை மாநிலத்தின் கடைசிக் கிராமம் வரைக்கும் கொண்டுபோனது. மராத்தியர் இதை 'பிரமாண பாஷா' என்கிறார்கள்.

இப்போது நிக்டிக்கு வருவோம். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் இது புனே–மும்பை சாலையோரத்துக் கிராமம். 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டெல்கோ, போசரியில் தொழிற்பேட்டை. பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களின் முகாம் ஏற்கெனவே பிம்ப்ரியில் இருந்தது. 1970-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகராட்சியானது, 1982-ல் மாநகராட்சி. தொழிலாளருக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் மனை பிரித்துக் கொடுக்க 1972-ல் பிராதிகரண் எனும் புதுநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. அதனால்தான் நிக்டியின் ஒரு பகுதியை இன்றும் எல்லோரும் 'பிராதிகரண்' என்றே சொல்கிறார்கள். ஆலைச் சங்கு ஊதியதும் மராட்வாடா, விதர்பா, கான்தேஷ், சாங்லி, சோலாப்பூர், வட கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். பல மொழிகள் வந்தன என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. பல மராத்திகள் வந்தன என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

'என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்ற ஒரே கேள்வியைப் பாருங்கள். புத்தகம் அறிந்த புனேக்காரர் "காய் கர்தோயஸ்?" என்பார். நாந்தேட், லாத்தூர்ப் பக்கத்துக்காரர் "காய் கராய்லாஸ்?" என்பார். நாக்பூர்க்காரர் "காய் கரூன் ராஹிலாஸ்?" என்பார். மூன்றாவது வடிவத்தில் இந்தியின் 'கர் ரஹா' அப்படியே தெரிகிறதல்லவா? நாக்பூர் மத்திய மாகாணத்தின் தலைநகராக இருந்தது; அங்கே இந்தியும் மராத்தியும் ஒரே அலுவலகத்தில், ஒரே சந்தையில் புழங்கின. லாத்தூர் அடங்கிய மராட்வாடா 1948 செப்டம்பர் 17 வரை ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. அலுவலகமும் உயர்கல்வியும் உருதுவில் நடந்தன, தெருவில் மராத்தியோடு தக்கனி உருதுவும் பேசினார்கள். அந்த மண்ணின் மராத்தியில் உருதுச் சொற்கள் ஏராளமாகக் கிடப்பது அதனால்தான். கான்தேஷின் அஹிராணிப் பேச்சு குஜராத்தியோடு உறவாடியது. 1956-ல் நாக்பூர்ப் பகுதியும் மராட்வாடாவும் பம்பாய் மாநிலத்தோடு இணைந்து, 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்த பிறகுதான் புனேயின் பாடநூல் மொழி இவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக ஆனது.

ஆக, வட்டார வழக்கு என்று நாம் சொல்வது பல இடங்களில் பழைய பன்மொழி வாழ்க்கையின் தடம். லாத்தூர்க்காரரின் மராத்தியைப் பார்த்துச் சிரிக்கும்போது, அவருடைய பாட்டன் பூட்டன் மூன்று மொழிகளோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

தரமொழி மட்டும் சுத்தமாக வானத்திலிருந்து இறங்கியதா? நிக்டியின் அடையாளமான பக்தி-சக்தி சௌக்கில் சிவாஜியும் துக்காராமும் சந்திக்கும் சிலை நிற்கிறது. அந்த இருவரும் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் தருகிறார்கள். சிவாஜியின் காலத்தில் மராத்தி ஆட்சிமொழி முழுக்கப் பாரசீகச் சொற்களில் மூழ்கியிருந்தது. அவற்றுக்கு ஈடான சமஸ்கிருதச் சொற்களைத் திரட்டி 'ராஜவ்யவஹார கோசம்' என்ற சொற்கோவை தொகுக்கப்பட்டது; சுமார் 1,400 சொற்கள். அயல்மொழியின் அழுத்தம் அதிகமாகும்போது 'நம் மொழியை நெறிப்படுத்த வேண்டும்' என்ற எண்ணம் பிறக்கிறது. தரப்படுத்தும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பிற்காலத்தில் சாவர்க்கர் நடத்திய மொழித்தூய்மை இயக்கமும் அந்த வழியில் வந்தது. மாநகராட்சி மேயரை மராத்தியில் 'மஹாபௌர்' என்கிறார்கள்; அது அவர் தந்த சொல். நமக்கு 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நினைவுக்கு வரும். அதுவும் வடமொழியும் ஆங்கிலமும் ஒருசேர நெருக்கிய பன்மொழிச் சூழலில் பிறந்ததே. ஆனால் இன்றும் நிக்டியில் எந்த அலுவலகச் சன்னலுக்குப் போனாலும் நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் தாளுக்குப் பெயர் 'அர்ஜ்'. நம் பழைய கச்சேரிகளில் வழங்கிய 'அர்ஜி'யின் உடன்பிறப்பு அது. மேயர் மாறினார்; மனு மாறவில்லை.

துக்காராம் வேறு வழி. அவருடைய தேஹு நிக்டிக்குப் பக்கத்து ஊர். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்துக்கு முன் அவருடைய பாதுகைகளைச் சுமந்து புறப்படும் பல்லக்கு இந்தச் சாலை வழியாகவே வந்து ஆகுர்டியில் தங்குகிறது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த உழவர்கள் அவரவர் உச்சரிப்பில் ஒரே அபங்கத்தைப் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். பாடநூல் குழுவுக்கும் எழுத்து விதிகளுக்கும் முந்நூறு ஆண்டு முன்பே அந்தப் பாட்டு பொதுமொழியாக இருந்தது. யாருடைய ணகரத்தையும் திருத்தாமல் பொதுமொழி நிலைபெற முடியும் என்பதற்குச் சாட்சி அந்த ஊர்வலம். என்னைக் கேட்டால், மராத்தியின் மிக வலுவான தரப்படுத்தல் அங்கேதான் நடந்தது.

இலக்கணத்துக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். தமிழர் மராத்தி கற்கும்போது ஓரிடத்தில் சட்டென்று வீட்டுக்கு வந்தது போல இருக்கும். 'நாம்', 'நாங்கள்' என்ற நம் வேறுபாடு மராத்தியில் இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் 'ஆபண்', விட்டுவிட்டால் 'ஆம்ஹி'. இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்' தான். நாம் 'என்று' போட்டு அடுத்தவர் சொன்னதை முடிப்பது போல மராத்தியிலும் 'ம்ஹணூன்' வந்து நிற்கிறது. திராவிட மொழிகளோடு நூற்றாண்டுக்கணக்கில் பக்கத்து வீட்டில் வாழ்ந்ததன் விளைவு இது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. 'இந்தியா ஒரு மொழியியல் வட்டாரம்' என்று 1956-ல் மொழியியலாளர் எமனோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையே வளர்ந்தது. பிரமாண மராத்தியின் நடுவே, யாரும் பிழை என்று சொல்லத் துணியாத இடத்தில், இப்படிப் பன்மொழி வாழ்க்கை உட்கார்ந்திருக்கிறது.

இதன் உச்சத்தைக் காண சாங்லி மாவட்டத்துக் குப்வாட் என்ற ஊருக்குப் போக வேண்டும். மொழியியல் நூல்களில் 'குப்வார்' என்று உலகமெங்கும் பேர்பெற்ற ஊர் அது. கம்பர்ஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-ல் அதைப் பற்றி எழுதினார்கள். சமணரும் லிங்காயத்துகளும் கன்னடம், முஸ்லிம்கள் உருது, தலித்துகளும் வேறு சிலரும் மராத்தி என்று அவரவர் வீட்டில் பேசினார்கள். வெளியே வந்தால் எல்லோரும் எல்லாமும் பேசினார்கள். பல தலைமுறைக்குப் பிறகு சொற்கள் மட்டும் வேறாகவும் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவும் ஆகிவிட்டது. ஒரு மொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அடுத்த மொழி வாக்கியம் கிடைத்துவிடும். ஆனாலும் வீட்டு மொழியை யாரும் கைவிடவில்லை. ஊர்ப் பொதுக் காரியத்துக்கு, எந்தப் பெரிய குழுவுக்கும் சொந்தமாகத் தோன்றாத மராத்தியைப் பயன்படுத்தினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊரில் 'உன் கன்னடம் தப்பு, தார்வாட் கன்னடம் பேசு' என்று அதட்ட ஆள் இல்லாதவரைதான் இந்த நெருக்கம் நடந்தது. பள்ளிக்கூடம் தரமொழிகளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது மொழிகள் மறுபடி விலகத் தொடங்கும். தரமொழி, மொழிகளுக்கு நடுவே வேலி போடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் போவதைக் 'கலப்பு' என்று பெயரிடுகிறது.

அப்படியானால் தரமொழியே வேண்டாமா? அப்படிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. நிக்டிக்கு வந்த தமிழரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மராத்தியை எங்கிருந்து கற்கிறார்? பிள்ளையின் பாலபாரதிப் புத்தகம், கடைப் பலகை, செய்தி அலைவரிசை, மாநகரப் பேருந்தின் நெற்றியில் தேவநாகரி இலக்கத்தில் எழுதிய தட எண். இவையெல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதால்தான் அவரால் கற்க முடிகிறது. லாத்தூர்க்காரரும் நாக்பூர்க்காரரும் கான்தேஷ்க்காரரும் ஒரே விண்ணப்பத்தைப் படித்துப் புரிந்துகொள்வதும் அதனால்தான். பல பேச்சுகள் கூடும் ஊரில்தான் பொது வடிவம் அதிகம் தேவைப்படும். ஒரே குலம் வாழும் மலைக்கிராமத்தில் தரமொழிக்கு என்ன வேலை? பன்மொழிச் சூழல் தரமொழியைக் கேட்டு வாங்குகிறது என்பதே உண்மை.

கேடு வேறிடத்தில் வருகிறது. எழுத்துக்கும் அலுவலுக்கும் என்று உண்டாக்கிய வடிவத்தை வாயிலும் எதிர்பார்க்கும்போது, அதை வைத்து ஆளின் அறிவையும் குலத்தையும் எடைபோடும்போது, பேசுபவர் அந்த மொழியைவிட்டே ஒதுங்குகிறார். நிக்டியில் இதைத் தினமும் பார்க்கிறேன். காய்க்கடையில் மளமளவென்று மராத்தி பேசிய அதே பெண்மணி, வங்கிக்குள் நுழைந்து குளிரூட்டிக் காற்று பட்டதும் இந்திக்கு மாறிவிடுகிறார். சன்னலில் இருப்பவரும் மராத்தியர்தான். "மராத்தியிலேயே பேசலாமே" என்று கேட்டால், "நம்ம மராத்தி கிராமத்து மராத்தி, அவங்களுக்கு நல்லா இருக்காது" என்கிறார். இந்தியில் பிழை செய்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அது இருவருக்கும் சொந்த மொழி இல்லை. தாய்மொழியில் கூச்சம், அயல்மொழியில் துணிவு. அடுத்த தலைமுறை இன்னும் ஒரு படி போய் ஆங்கிலத்தில் புகலிடம் தேடும். மராத்தியை இந்தி விழுங்குகிறது என்று வருந்துகிறவர்கள் இந்தச் சன்னலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சொந்தப் பேச்சுக்காரரைக் கூச வைக்கும் தரமொழி, தன் இடத்தைத் தானே பக்கத்து மொழிக்குக் கொடுத்துவிடுகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. தமிழர் அந்த மொழியின் படிநிலைக்கு வெளியே நிற்கிறார். அவருடைய பிழை விருந்தாளியின் பிழை. லாத்தூர்க்காரர் படிநிலைக்கு உள்ளே நிற்கிறார். அவர் பேச்சை 'வேறு' என்று ஒப்புக்கொண்டால் புனேப் பேச்சும் பலவற்றில் ஒன்றாகிவிடும். அதனால் அதற்குத் 'தவறு' என்று பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

தமிழராகிய நமக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் சொற்களை நான்காகப் பிரிக்கும்போது இயற்சொல், திரிசொல்லோடு திசைச்சொல்லையும் வடசொல்லையும் சேர்த்தே வைத்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தின் சொற்களுக்கும் செய்யுளில் இடம் உண்டு என்றது. அத்தனை பழைய காலத்திலேயே தர வடிவத்துக்கு ஒரு வாசல் வைத்த மரபு நம்முடையது. ஆனால் நாம் எழுதுவதும் பேசுவதும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியவை. இந்த இரட்டை வழக்கை 1959-ல் மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் விளக்கினார். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இது சிக்கல் இல்லை. தெருவில் பேச்சுத் தமிழ், பள்ளியில் எழுத்துத் தமிழ். நிக்டியில் வளரும் பிள்ளைக்குத் தெருவும் இல்லை, பள்ளியும் இல்லை. வீடு ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வீட்டில் மாலை நேரத்தில் என்ன நடக்கிறது? திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வீடியோ அழைப்பில் வருகிறார்.

"ஏலே, சாப்டியா?"

"ஜேவண் முடிச்சுட்டேன் ஆச்சி. அம்மா பட்டாட்டா பாஜி பண்ணாங்க."

"ஜேவண்ணா? அது என்னலே?"

அம்மா குறுக்கிட்டு, "ஜேவண் இல்லடா, சாப்பாடுன்னு சொல்லு. உருளைக்கிழங்குன்னு சொல்லு" என்கிறார். கோயம்புத்தூர்க்கார அப்பா, "ஏனுங்க அத்தை, நல்லாருக்கீங்களா?" என்கிறார். அடுத்து அம்மா, நல்ல எண்ணத்தோடுதான், தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைக்கிறார். அதில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று இருக்கிறது. இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசிப் பிள்ளை கேட்டதில்லை. ஆச்சி தமிழ், அப்பா தமிழ், புத்தகத் தமிழ் மூன்றிலும் தான் பேசுவது பிழை என்று தோன்றிவிட்டால், பிள்ளை பிழையே இல்லாத மொழிக்குப் போய்விடும். அக்காவும் தம்பியும் தங்களுக்குள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்குவது இந்த வயதில்தான்.

சிங்கப்பூர் இதை ஒரு நாடு முழுக்கப் பார்த்தது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் பாடம் உண்டு, தேர்வு உண்டு, நாளிதழ் உண்டு. ஆனாலும் 2020 கணக்கெடுப்பின்போது இந்திய வம்சாவளியினரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழியாக ஆங்கிலத்தைச் சொன்னார்கள். காரணங்கள் பல. வகுப்பறையில் எழுத்துத் தமிழை மட்டும் வாயில் திணித்ததும் அவற்றில் ஒன்று என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2005-ல் கல்வி அமைச்சின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பொதுப் பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. மொழியியலாளர் ஹரோல்ட் ஷிஃப்மன் சுட்டிக்காட்டியது போல, பொதுப் பேச்சுத் தமிழ் என்பது எந்தக் குழுவும் உட்கார்ந்து வகுத்ததில்லை. பல மாவட்டத்துக்காரர்கள் கூடும் கல்லூரி விடுதிகளிலும் வானொலி நாடகத்திலும் சினிமாவிலும் தானாகத் திரண்டது. பல வழக்குகள் உரசும் இடத்தில் ஒரு தர வடிவம் பிறக்கும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று இது.

உலகத்தில் எல்லா இடத்திலும் தரமொழி பேச்சைக் கூச வைப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் வங்கி மேலாளரும் பால்காரரும் தத்தம் ஊர் சுவிஸ் ஜெர்மனில்தான் பேசுகிறார்கள். எழுதும்போது பெரும்பாலும் தர ஜெர்மன். நார்வேயில் பிள்ளைகளுக்கு இயன்றவரை அவர்களுடைய சொந்தப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று 1878-லேயே நாடாளுமன்றம் தீர்மானித்தது. எழுத்து வடிவமும் அங்கே ஒன்றில்லை, இரண்டு.

மராத்தியிலும் காற்று மாறாமல் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பஹிணாபாய் சௌதரி கான்தேஷ்ப் பேச்சில் பாடிய பாட்டுகள், அவர் மறைந்தபின் 1952-ல் அச்சேறி மராத்திக் கவிதையின் உச்சியில் இடம்பிடித்தன. நாம்தேவ் தசாளின் 'கோல்பீட்டா' 1972-ல், தயா பவாரின் 'பலுதம்' 1978-ல், லக்ஷ்மண் மானேயின் 'உபரா' 1980-ல் என்று தலித், நாடோடிச் சமூகங்களின் பேச்சு இலக்கியத்துக்குள் நுழைந்தது. நம்மிடம் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. இலக்கியம் வாசலைத் திறந்துவிட்டது. வகுப்பறையும் வங்கிச் சன்னலும் இன்னும் திறக்கவில்லை.

அரசியலைச் சுருக்கமாகவே தொடுகிறேன். 2025 ஏப்ரல் 16 அன்று, முதல் வகுப்பிலிருந்தே இந்தியைக் கட்டாய மூன்றாம் மொழியாக்கி மகாராஷ்டிர அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் 29 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எதிர்த்தது சரி என்பதே என் எண்ணம். அஹிராணியோ விதர்பாவின் வர்ஹாடியோ பேசி வந்த ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிரமாண மராத்தியே ஏறக்குறைய இரண்டாம் மொழி, அதன்மேல் ஆங்கிலம், அதற்கும் மேல் இன்னொன்றா? அதே நியாயத்தை மராத்திக்காகப் போராடுகிறவர்கள் அஹிராணிக்கும் தர வேண்டும், மராத்தி தெரியாத கடைப் பையனை அறைவதையும் நிறுத்த வேண்டும். கொங்கணியையும் ஒரு காலத்தில் மராத்தியின் கிளை என்றே தள்ளினார்கள். 1975-ல் சாகித்ய அகாதமி அதைத் தனிமொழியாக ஏற்றது. 1987-ல் கோவாவின் ஆட்சிமொழியானது. 1992-ல் எட்டாவது அட்டவணையில் ஏறியது. ஆனால் தேவநாகரியில் எழுதியதே ஆட்சிமொழி என்று அந்த 1987 சட்டமே வரையறுக்க, ரோமன் எழுத்தில் எழுதிவந்த கொங்கணிக்காரர்கள் ஓரமாக நின்றார்கள். விடுதலை பெற்ற மொழியும் தரமொழியானதும் தன் ஆட்களில் சிலரை வெளியே நிறுத்துகிறது.

இந்த ஒதுக்கலில் கணக்கெடுப்புக்கும் பங்கு உண்டு. 2011-ல் இந்திய மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, கடைசியில் 121 மொழிகளின் கீழ் அடக்கினார்கள். 5 கோடிக்கு மேற்பட்ட போஜ்புரிக்காரர்கள் இந்தியின் கணக்கில் சேர்ந்தார்கள். நிக்டிக்கு அருகே தளவடேப் பட்டறைகளில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளியைக் கேட்டால் தன் மொழி இந்தி என்றுதான் சொல்வார்; இரவில் ஊருக்குப் பேசும்போது போஜ்புரி. மாறாக, கான்தேஷி என்றும் அஹிராணி என்றும் 18 லட்சம் பேர் பதிந்தது தனிமொழியாகப் பட்டியலில் நின்றது. மக்கள் வாயால் சொல்லாவிட்டால் அந்த எண்ணும் இருந்திருக்காது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. 2011-ல் தாய்மொழியோடு, தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் கேட்டுப் பதிந்தார்கள். நிக்டியில் வாழும் தமிழரிடம் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பாளர் வந்தால், வீட்டில் உண்மையில் பேசுவதைச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து வந்த சௌராஷ்டிரக் குடும்பம் சௌராஷ்டிரம் என்றே சொல்லட்டும். ஓசூர்த் தெலுங்குக் குடும்பம் தெலுங்கு என்று சொல்லட்டும். தெரிந்த மொழிகளைக் கேட்டால் மராத்தியையும் சேருங்கள்; பிழையாகப் பேசும் மராத்தியும் மராத்திதான். பக்கத்து வீட்டு லாத்தூர்க்காரரிடமிருந்தே அதைக் கற்றுக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் 'பானி'யோடு. பிள்ளை 'ஜேவண்' என்று சொன்னால் திருத்த வேண்டாம். பதிலுக்கு நீங்கள் 'சாப்பாடு' என்று பேசிக்கொண்டே இருங்கள். எழுத்துத் தமிழைக் கதையாக வாசித்துக் காட்டுங்கள், வாயில் எதிர்பார்க்காதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்கான வசதியை மாநிலம் செய்துதர வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350-ஏ பிரிவு. மும்பை மாநகராட்சி இன்றும் தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது. இங்கே நாம் இன்னும் கூடிக் கேட்கவில்லை, கேட்போம்.